என் கணவரின் சிறுநீரகம் என்னிடம் இருந்த காலம்

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் புத்தளம் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் என்னை ஒரு மெஷினோடு இணைத்துப் படுக்க வைக்கிறார்கள். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், கழுவப்பட்டு, மற்றக் குழாயால் திரும்பி வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் தலை தூக்க முடியாது. மற்ற நாட்களில் கொஞ்சம் தெளிவாக இருக்கும். இதை அந்த நாட்களில்தான் எழுதுகிறேன். சுகமான பிறகு எழுதலாம் என்று வெகுநாள் ஒத்திப்போட்டேன். இனி அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு டெக்ரோலிமஸ் என்ற குளிசையை விழுங்கும் யாராவது இதை வாசித்தால், நான் விட்ட ஒரு பிழையையாவது அவர்கள் விடாமல் இருக்கட்டும்.

என் பெயர் ரிஹானா. வீடு நுரைச்சோலைப் பக்கம். பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். என் கணவர் இர்ஷாத் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் லொறி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், ஹனா.

ஹனாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது என் கால்கள் வீங்கத் தொடங்கின. நின்றுகொண்டே படிப்பிப்பதால் என்று நினைத்தேன். பிறகு காலையில் முகம் வீங்கியது. சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர் போல நுரைத்தது. புத்தளத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் ஒரு கழிவின் பெயர் அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். தள்ள முடியாமல் போனால் இரத்தத்தில் ஏறும். எனக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி, என் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டதைக் காட்டினார். எத்தனையோ வருடமாகச் சத்தமில்லாமல் நடந்த அழற்சியாம். வலிக்காததால் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் டயலிசிஸில் போனது. சிறுநீரகம் மாற்றலாம் என்றார்கள். என் உம்மாவுக்கு நீரிழிவு. எனக்கு மூத்த ஒரே நானாவின் இரத்தவகை பொருந்தவில்லை. ஒரு நாள் கிளினிக் வாசலில் நின்ற இர்ஷாத் தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து, "என்டதையும் ஒருக்காப் பாருங்க" என்று தாதி மிஸ்ஸிடம் சொன்னார். என்னிடம் கேட்கவேயில்லை.

அவருடையது பொருந்தியது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கணவருடையது பல வேளை பொருந்தாதாம். கர்ப்பத்தின்போது பிள்ளையின் வழியாகத் தகப்பனின் அடையாளத்தை அறிந்து, உடம்பு அதற்கு எதிராகத் தயாராகிவிடுமாம். எனக்கு அப்படி ஆகவில்லை. அதை நாங்கள் அல்லாஹ்வின் அருளாக எடுத்துக்கொண்டோம்.

இர்ஷாத்தின் ராத்தா, என் சுபைதா மதினி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கற்பிட்டியில் கருவாட்டு வாடியில் மீன் கீறிக் காயவைத்து உழைத்தவர். உம்மா வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு இர்ஷாத்தை வளர்த்ததும் அவர்தான். எங்கள் வீட்டு முன்னறையில் என்னை வைத்துக்கொண்டே தம்பியோடு வாதாடினார்.

"நீ டயர் மாத்த வேணும். ஐஸ் பெட்டி தூக்க வேணும். ஒரு பக்கத்த வெட்டிக் குடுத்திட்டு என்ன செய்யப் போறாய்?"

"ஒண்டு இரிந்தா போதுமாம் ராத்தா. டொக்டர் சொன்னாங்க."

"டொக்டருக்கென்ன. நீ அவங்கட தம்பியா?"

பிறகு என் பக்கம் திரும்பி, "உன்மேல எனக்குக் கோபமில்ல மக. எனக்கு இரிக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றார்.

சுகாதார அமைச்சின் அனுமதிக்காக எங்கள் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரும் வற்புறுத்துகிறார்களா, ஏன் கொடுக்கிறீர்கள் என்று இர்ஷாத்திடம் கேட்டார்களாம். "எனக்கு வேற பதில் தெரியல்ல. என்ட மனிசி எண்டு மட்டும் சொன்ன" என்று வெளியே வந்து சொன்னார்.

ஒரே நாள் காலையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குக் கொண்டு போனார்கள். என் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை. இர்ஷாத்துடையதை வலது அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே வைத்தார்கள். கையால் தடவினால் அது இருப்பது தெரியும். கண் விழித்தபோது கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் காணாத நிறம். அதைப் பார்த்துத்தான் அழுதேன். தையலை மறந்து அழுததால் வலித்தது.

மதினி தன் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு உடுப்புப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "ரெண்டு பேரையும் நான் பாக்காம ஆர் பாக்கிற?" என்றார். வந்தவர் பிறகு போகவேயில்லை.

டெக்ரோலிமஸ் குளிசையைப் பற்றி முதலில் விளங்கப்படுத்தியவர் கொழும்பு டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண், நிதானமாகப் பேசுவார். "இவர் உங்கட மனுசன் எண்டு உங்களுக்குத் தெரியும். உங்கட உடம்புக்குத் தெரியாது. நீங்கள் கலியாணம் கட்டினதெல்லாம் அதுக்குக் கணக்கில்லை. ஆரோ வெளி ஆள் வந்து உள்ளுக்கு இருக்கிறார் எண்டுதான் அது பாக்கும். அடிச்சுக் கலைக்கப் பாக்கும். அதைப் பாராமல் இரு எண்டு சொல்லி வைக்கிறதுதான் இந்த டெக்ரோலிமஸ்."

ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சரியாகப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தை அடிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு பார்க்கும் நாட்களில் காலைக் குளிசையை எடுக்காமல் கொழும்புக்குப் போய், இரத்தம் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் விழுங்க வேண்டும். இதனால் கற்பிட்டி பஸ்ஸில் எத்தனை தரம் களப்போரமாக விடிய விடியப் போயிருப்பேன் என்று எண்ணவில்லை.

மருந்தால் கை நடுங்கியது. கரும்பலகையில் எழுதினால் எழுத்து ஆடியது. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இந்த 'ழ'னாவுக்குக் குளிருதா?" என்று கேட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். முடி கொட்டியது. இரத்தத்தில் சீனி ஏறியது. பம்பளிமாஸ் போன்ற ஜம்போலாப் பழம் சாப்பிடக்கூடாது, அது மருந்தின் அளவைத் தாறுமாறாகக் கூட்டிவிடும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இது தெரியாமல் பக்கத்து வீட்டார் இரண்டு ஜம்போலா கொண்டு வந்து தந்தபோது, மதினி அவர்கள் முன்னாலேயே அவற்றை ஆட்டுக்குப் போட்டார். அவர்கள் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

மதினி தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் தருவார். கீரையை மூன்று தரம் அலசுவார். சளி, தடிமன் பிடித்த யாரையும் வாசலுக்கு உள்ளே விடமாட்டார். இப்படி ஆறு வருடம் போனது. ஹனா முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டு வரை வந்தாள். இர்ஷாத் மறுபடி டயர் மாற்றினார். இடுப்பில் தழும்பு இருக்கும் பக்கத்தால் மட்டும் படுக்க மாட்டார். அந்த ஆறு வருடத்தில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. நன்றாக இருந்தோம்.

பிறகு மதினிக்கு இருமல் வந்தது. கருவாட்டுத் தூசும் உப்பும் வருடக்கணக்காக நெஞ்சில் படிந்தது என்றார். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். குறையவில்லை. என் பக்கத்தில் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். அதுவே போதும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சில மாதங்களில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பின்னேரம் அஸர் தொழுத பிறகு குளிரும். அந்தி மஃரிபுக்குள் உடம்பு சுடும். இரண்டு பெனடோல் குளிசை போட்டால் வேர்த்து இறங்கிவிடும். காலையில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் உடனே வர வேண்டும் என்று என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியும். அதை நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள்.

ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், நான் அதை மறைத்தேன்.

அதற்கு முந்தின வருடம் சிறுநீரில் கிருமி வந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது, மதினி கட்டிலருகே இருந்துகொண்டு, "என்ட தம்பிட ஒரு பக்கம் வீணாப் போயிடுமோ தெரியல்ல" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவர் நினைத்துச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். ஆனாலும் அது எனக்குள் தங்கிவிட்டது. மறுபடி காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை. தேர்மாமீட்டரைக் குளியலறைக்குக் கொண்டு போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் துவாய்க்குள் சுற்றி ஒளித்து வைப்பேன். அடுத்த கிளினிக் நாளில் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாள் வந்தபோது, காலையில் காய்ச்சல் இல்லாததால் சொல்லவில்லை.

ஒரு நாள் வகுப்பில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது மூச்சு முட்டியது. இரண்டாவது வரியைச் சொல்ல முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தேன். கழுத்தைத் தடவினால் தோலுக்கடியில் ஒரு கட்டி. அன்றைக்கே இர்ஷாத் லொறியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னைக் கொழும்புக்குக் கொண்டு போனார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏழு கிழமையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

"நான் பக்கத்திலதானே படுத்த. எனக்கும் தெரியல்லயே" என்றார். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் தெரிந்தது. முதுகில் ஊசி குத்தி ஒரு போத்தல் நிறைய எடுத்தார்கள், வெளிறிய தேத்தண்ணி நிறத்தில். கழுத்துக் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். முடிவுக்காகப் பத்து நாள் வாட்டில் காத்திருந்தேன். இர்ஷாத் விடியற்காலையில் சந்தையில் மீனை இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவார். வெளிக் குழாயடியில் கை கால் கழுவி, சட்டை மாற்றி, அத்தர் பூசிக்கொண்டுதான் உள்ளே வருவார். அப்படியும் மீன் வாடை போகாது. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாள் அவர் தன் மகளுக்குக் கெளவல்லா மீன் கிடைக்குமா என்று இர்ஷாத்திடம் கேட்டார். அதன் பிறகு அவர் முகம் திருப்பவில்லை.

முடிவு வந்தது. காசநோய்.

அந்தக் கிருமி எத்தனையோ பேரின் உடம்பில் தூங்கிக் கிடக்கும், உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும் என்று அதே யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார். இர்ஷாத்தின் சிறுநீரகத்தைப் பாராமல் இரு என்று டெக்ரோலிமஸ் என் உடம்புக்குச் சொன்னபோது, இந்தக் கிருமியையும் சேர்த்துத்தான் பாராமல் விட்டிருக்கிறது.

"மருந்து இருக்கு. சுகமாக்கலாம்" என்றார். பிறகு கதிரையை இழுத்து எங்கள் முன்னால் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்லக்கூடியதாக இருந்தால் நின்றே சொல்லியிருப்பார்.

"காசநோய்க்கு முக்கியமான குளிசை ரிஃபாம்பிசின். அதை எடுத்தால், ஈரல் டெக்ரோலிமஸை உடனுக்குடனே உடைச்சு வெளியில அனுப்பிப் போடும். நாங்கள் அளவைக் கூட்டிக் கூட்டிக் குடுப்பம். ஆனா பிடிச்சு வைக்கிறது கஷ்டம். சிறுநீரகம் தாக்குப்பிடிக்கும் எண்டு என்னால உறுதி சொல்ல ஏலாது."

"அது இல்லாம வேற மருந்து?" என்று இர்ஷாத் கேட்டார்.

"அதே வகையில இன்னொண்டு இருக்கு. இப்ப எங்களுக்குக் கிடைக்கேல்லை. இதை விட்டிட்டு மற்றக் குளிசைகளை மட்டும் வச்சுப் பாக்கலாம். ஆனா நோய் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பரவீட்டுது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் யோசிச்சிருக்கலாம்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். இர்ஷாத் அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஆளைப் பாருங்க டொக்டர். கிட்னி போனாப் போகட்டும்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அது ஐஸ் பெட்டி தூக்கிக் காய்த்த கை. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவர். போகட்டும் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான் இருந்தது.

வீட்டில் உள்ளவர்களையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். இர்ஷாத்துக்கும் ஹனாவுக்கும் ஒன்றுமில்லை. மதினியின் சளியில் கிருமி இருந்தது.

புத்தளத்து நெஞ்சு நோய்க் கிளினிக்கில் அந்த முடிவைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மதினி டொக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப என்டதுதான் இவளுக்குத் தொத்தினதா?"

"அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இவங்கட உடம்பில முந்தியே இருந்திருக்கலாம். பாடசாலையிலயும் வந்திருக்கலாம்" என்றார் அந்த டொக்டர்.

மதினி தலையாட்டினார். வெளியே வந்து வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கோப்பைய வேறயா வெச்ச. கரண்டிய வேறயா வெச்ச. சோறு பரிமாறக்குள்ள வாயப் பொத்தின" என்றார்.

கோப்பையாலும் கரண்டியாலும் இது பரவுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. கிளினிக்கில் கொடுத்த துண்டுக் கடுதாசியில் அதே விஷயம் படம் போட்டு எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பேரும் மறைத்தோம். அவர் இருமலைக் கருவாட்டுத் தூசு என்று சொல்லி மறைத்தார். நான் காய்ச்சலைத் துவாய்க்குள் மறைத்தேன். யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் மற்றவளுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

காசநோய்க் குளிசையை ஒவ்வொரு நாளும் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கு உள்ளவர்கள் பார்க்க விழுங்க வேண்டும். இடையில் விட்டுவிடக்கூடாது என்பதற்காக அப்படி. மதினியும் நானும் காலையில் சேர்ந்து நடந்து போவோம். இருபுறமும் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் சுழன்று அடித்துக்கொண்டிருக்கும். விழுங்கிவிட்டுப் பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவோம். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் ஆக்கும். முதல் நாள் மதினி இரத்தமென்று பயந்து கத்தினார்.

இரண்டு மாதத்தில் மதினியின் இருமல் நின்றது. உடம்பு தேறியது. அவரது சோளியின் தையலைப் பிரித்து விரித்துக் கொடுத்தேன். அதே இரண்டு மாதத்தில் என் டெக்ரோலிமஸை இரண்டு மடங்காக்கி, மூன்று மடங்காக்கி, பிறகு நாலு மடங்காக்கினார்கள். அளவு பார்க்கும் வசதி கொழும்பில்தான். இரத்தம் கொடுத்து முடிவு வர நாட்கள் ஆகும். முடிவு வரும்போது அளவு வேறு எங்கோ போயிருக்கும். டொக்டர் தொலைபேசியில் சொல்வார், கூட்டுங்கள், இன்னும் ஒன்று கூட்டுங்கள். நான் கைநடுக்கத்தோடு எண்ணி எடுப்பேன். கிரியேட்டினின் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கால் வீங்கியது. அந்த வீக்கத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

கொழும்பில் மறுபடி சேர்த்தார்கள். எனக்குள் இருந்த இர்ஷாத்தின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு நூல் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த பிறகு ஆறு மணித்தியாலம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கூரையில் மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றியது. அதன் ஒரு இறக்கை சற்று வளைந்திருந்தது. வேறொன்றும் நினைக்காமல் அந்த இறக்கை வரும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

உடம்பு அடிக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் முடிவு. மூன்று நாள் பலமான ஸ்டீரொய்ட் மருந்து ஏற்றினார்கள். அதற்கு மேலான மருந்து கொடுத்தால் காசநோய் தலைதூக்கி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்கள். நாலாம் நாள் டொக்டர் வந்தார். அன்றைக்கும் கதிரையை இழுத்தார்.

இர்ஷாத் அப்போது வெளியே பாண் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். பாண் துண்டுகளில் சம்பலைப் பூசி என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடு" என்றார்.

"உங்கடது போச்சு."

"ஆறு வருஷம் வேல செஞ்சிச்சிதானே. சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டையின் மேல் கையை வைத்துத் தன் இடுப்புத் தழும்பை அழுத்திக்கொண்டு நின்றதைக் கண்டேன். ஏனென்று கேட்டால், வேர்க்கிறது என்றார்.

மறுபடி மெஷின். முன்பு டயலிசிஸுக்காகக் கையில் இணைத்த இரத்தக் குழாய் அடைத்துவிட்டதால் முதலில் கழுத்தில் குழாய் போட்டார்கள். பிறகு மற்றக் கையில் இரத்தக் குழாய்களை வெட்டி இணைத்தார்கள். பாடசாலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன்.

ஒரு நாள் மதினி, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குத் தில்லையடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் போனார். இருட்டுப்பட்டுத்தான் வந்தார். கலியாணத்துக்குப் போனவரின் கையில் ஆஸ்பத்திரி உறை இருந்தது. மறைக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"கொழும்புக்குப் போன. என்டத எடுத்து உனக்கு வைக்கேலுமா எண்டு கேக்க."

நான் உறையை வாங்கக் கையை நீட்டினேன்.

"எனக்குச் சீனி இரிக்காம். இவ்வளவு நாளும் தெரியாது. அதால ஏலாதாம்." உறையை மேசையில் வைத்தார். "இன்னொண்டும் சொன்னாங்க. எனக்குச் சரியா விளங்கல்ல. உன்ட ரத்தம் இப்ப ஆருடயத வெச்சாலும் ஒத்துக்காதாம்."

அது உண்மை. எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு சிறுநீரகத்தை அடித்துப் பழகிய உடம்பில் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்துவிடும். என் இரத்தத்தில் அவை அநேகமாக எல்லோருக்கும் எதிராக இருந்தன. காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடலாம், ஆனால் பொருந்துவது அரிது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதை இர்ஷாத்துக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. மறைக்கும் பழக்கம் எனக்கு விடவில்லை.

"அப்ப வழியில்லையா மக?" என்று மதினி கேட்டார்.

"இல்ல மதினி."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியைக் கோதினார். அவர் என்னைத் தொட்டது காசநோய்க்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

டெக்ரோலிமஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு முற்றாக நிறுத்தினார்கள். காப்பாற்ற ஒன்றுமில்லாதபோது அது தேவையில்லை. நிறுத்திய சில கிழமைகளில் கை நடுக்கம் நின்றது. ஹனாவின் கொப்பிக்கு உறை போட்டு அவள் பெயரை நேராக எழுதினேன். அவள் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள்.

ஆனால் தடுக்க யாரும் இல்லாமல் போனதும், உடம்பு முதல் நாளிலிருந்து செய்ய நினைத்ததைச் செய்யத் தொடங்கியது. வலது அடிவயிறு வீங்கியது. தொட முடியாத வலி. காய்ச்சல். இந்த முறை முதல் நாளே சொல்லிவிட்டேன். செத்த சிறுநீரகத்தை உடம்பு அடித்துக்கொண்டிருக்கிறது, இனி அதை உள்ளே வைத்திருக்க முடியாது என்று கொழும்பில் சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததைத் தர முடியுமா என்று இர்ஷாத் கேட்டிருக்கிறார். அவர்கள் சோதனைக்காக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மருந்து போட்டு, இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் கொடுத்தார்கள். எத்தனையோ கையெழுத்து வாங்கினார்களாம். நான் வாட்டில் கிடக்க, அவர் அதை மீன் இறக்கிய லொறியின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார்.

ஒரு கிழமைக்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்ததும், அதை என்ன செய்தீர்கள் என்று இர்ஷாத்திடம் கேட்டேன். மதினியும் பக்கத்தில் இருந்தார்.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்ட கேட்ட. உசிரோட இரிக்கிற ஆள்ட உறுப்புக்கு ஜனாஸாத் தொழுகை இல்லயாம். துணியில சுத்தி அடக்கினாச் சரியாம்." என்றார் இர்ஷாத். "ஆருடயது எண்டு கேட்டார். எனக்கு என்ன சொல்றதெண்டு விளங்கல்ல. எங்கடதெண்டு சொன்ன."

"எங்க அடக்கின?" என்று மதினி கேட்டார்.

"மையவாடியில. உம்மாக்கும் வாப்பாக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இரிந்திச்சி. மணல்தானே, ஒரு முழம் தோண்ட லேசாத்தான் இரிந்திச்சி."

மதினி எழும்பிக் குசினிக்குப் போனார். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"என்ன ஓதினீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒண்டும் ஓதல்ல. மண்ணத் தள்ளிப் போட்டிட்டு, மேல ஒரு தென்னோலை வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிண்ட. பொறகு ஹனாட ஸ்கூல் விடுற நேரம் வந்திட்டு."